ஓடிஜி கண்ணாடிக் கதவுல பிசுக்கு: நாலு நாளா தேய்க்கிறேன், அசைய மாட்டேங்குது

மதுரை_மைதாமாவு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேக் சம்பந்தமா யாராவது கேட்டா பதில் போட்டுட்டு ஓடிடற ஆளு நான். இன்னைக்கு நானே கேள்வியோட வந்திருக்கேன்.

எங்க வீட்ல இருக்கறது 40 லிட்டர் ஓடிஜி, அதாவது கேக் சுடற சின்ன கரண்ட் ஓவன். சீட்டு எடுத்த பணத்துல வாங்கினது, இந்த ஆடி வந்தா அஞ்சு வருஷம். வாரத்துக்கு ஆறேழு கேக் ஆர்டர். ஞாயித்துக்கிழமை ஆனா வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் அதே ஓடிஜியில முழுக்கோழி. கேக் பாவம், அது ஒண்ணும் பண்ணல. கோழிதான் கண்ணாடியை இந்தக் கதிக்கு ஆக்கிருச்சு. கம்பியில சுத்தும்போது சொட்டுற கொழுப்பு கீழ்த்தட்டுல விழுந்து தெறிக்கும், தெறிச்சது கதவுல ஒட்டும். அன்னைக்கே துடைச்சிருந்தா கதை முடிஞ்சிருக்கும். கை அலுத்துப் போய் விட்டுட்டு, திங்கட்கிழமை அப்படியே கேக் வச்சிடுவேன். வெந்து வெந்து இப்போ கண்ணாடி முழுக்க டிகாக்ஷன் நிறம். நடுவுல ஒரு கை அகலத்துக்கு உள்ள தெரியும், ஓரமெல்லாம் கருப்பு. கீழ் விளிம்புல சொட்டுச் சொட்டா கெட்டியாகி, நகத்தால தட்டினா டிக் டிக்னு சத்தமே வருது.

கேக் உப்பறதைக் கண்ணாடி வழியா பார்த்துதான் எடுக்கணும். பாதியில கதவைத் திறந்தா சூடு இறங்கி நடுவுல குழி விழுந்துரும். ஆறு மாசமா மொபைல் டார்ச்சைக் கண்ணாடியில ஒட்டி வச்சுக்கிட்டு, வீடு புகுந்த திருடன் மாதிரி எட்டிப் பார்த்துட்டு இருக்கேன்.

மே மாசம் லீவுல பசங்களுக்கு வீட்லயே பேக்கிங் வகுப்பு வச்சிருக்கேன். எட்டுப் பேர் பணம் கட்டியாச்சு. அந்த எட்டுப் பேரும், விட வர்ற சாக்குல அவங்க அம்மாக்களும், இந்தக் கதவு முன்னாடிதான் நிக்கப் போறாங்க.

இதுவரைக்கும் பண்ணினதைச் சொல்லிடறேன், இல்லைன்னா அதையே திரும்பச் சொல்வீங்க. முதல் நாள் பாத்திரம் தேய்க்கிற லிக்விடும் சுடுதண்ணியும். மேலாப்ல இருந்த வழவழப்பு போச்சு, நிறம் அப்படியே. ரெண்டாம் நாள் எலுமிச்சம்பழத் தோலும் கல்லுப்பும். கை எரிஞ்சதுதான் மிச்சம். மூணாம் நாள் யூடியூப் பார்த்து ஆப்ப சோடாவைத் தூவி வினிகரை ஊத்தினேன். புஸ்ஸுனு பொங்கிச்சு, பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. துடைச்சா கறை சட்டமா உக்காந்திருக்கு. நேத்து பொறுமை போய் கம்பி நாரை எடுத்துட்டேன். ஒரு மூலையில கொஞ்சம் விட்டுச்சு. ஆனா ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா மெல்லிசா கோடு கோடா தெரியுது. பயந்து போய் நிறுத்திட்டேன்.

எங்க அத்தை, "சாம்பல் போட்டுத் தேய்ச்சா போகாத பிசுக்கா?"ங்கறாங்க. கேஸ் அடுப்பு வீட்ல சாம்பலுக்கு எங்க போறது?

பின்குறிப்பு: ஓடிஜின்னே எழுதறேன். போன தடவை வேற ஒரு இழையில "அவன் உடம்பு பூரா ஒரே பிசுக்கு"ன்னு எழுதி, எங்க வீட்டுக்காரரைத்தான் சொல்றேன்னு நாலு பேர் சிரிச்சுட்டாங்க.

பல்லாவரம்_பாலு எழுதியது:

ஏன் சிஸ்டர் இவ்ளோ கஷ்டம்? எரிசோடா கலந்த ஓவன் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்குது. உள்ள வெளிய எல்லாம் அடிச்சுட்டுப் பத்து நிமிஷம் விடுங்க, வழிச்சு எடுத்துடலாம். அது கிடைக்கலைன்னா சிங்க் அடைப்புக்குப் போடற பவுடரைக் கரைச்சு ஊத்துங்க. எங்க வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நான் அதைத்தான் பண்ணேன். பளபளன்னு ஆயிடுச்சு.

கோவை_ஸ்பேனர் எழுதியது:

வணக்கமுங்க. பாலு சொன்னதைத் தயவுபண்ணி செஞ்சுராதீங்க. அதுக்கு முன்னாடி, கம்பி நாரைத் தூக்கி வேற ரூம்ல வைங்க. கண்ணுல பட்டா கை சும்மா இருக்காது.

நான் வீட்டு உபயோக மெஷின் சர்வீஸ்ல 16 வருசமா இருக்கேனுங்க. ஓவன் கதவுக் கண்ணாடி டெம்பர் பண்ணினது. 600 டிகிரிக்கு மேல காய்ச்சி, மேல குளிர்காத்து அடிச்சுச் சடார்னு ஆற வைப்பாங்க. அதனால வெளித்தோல் இறுகி நிக்கும், உள்சதை இழுத்துட்டு நிக்கும். அந்த இறுக்கம்தான் அதுக்குப் பலம். தோல்ல ஆழமா கீறல் விழுந்தா, உள்ள இருக்கற இழுவை வெளிய வர வழி தேடும். அன்னைக்கே உடையணும்னு இல்லீங்க. அடுத்த வாரமோ அடுத்த மாசமோ சூடு ஏறும்போது விட்டுரும். ஒரு வீட்ல பிளேடு வச்சுச் சுரண்டியிருக்காங்க. மூணு வாரம் கழிச்சு ராத்திரி ஓவன் ஆறிட்டு இருக்கையில பட்டாசு மாதிரி சத்தம். நான் போய்ப் பார்க்கறப்ப சமையல்கட்டு பூரா டைமன் கற்கண்டைக் கொட்டி வச்ச மாதிரி இருந்துச்சு. ஓவனோட வர்ற புஸ்தகத்துலயே அரைக்கற பவுடரும் இரும்புச் சுரண்டியும் கண்ணாடியில படக்கூடாதுன்னு போட்டிருப்பான். அதை யாருங்க படிக்கறா.

உங்க கோடு மெல்லிசுன்னா பயப்பட வேண்டாம். ஆறின கண்ணாடியில நகத்தை குறுக்க இழுத்துப் பாருங்க. நகம் எங்கியும் தட்டலீன்னா பிரச்சினை இல்ல. தட்டி நின்னா கண்ணாடி மாத்தறதுதான் நல்லது.

இன்னொன்னு. உங்க கதவுல ஒரு கண்ணாடியா, ரெண்டா? நிறைய ஓடிஜியில ரெண்டு. நடுவுல காத்து இடைவெளி இருக்கும், அதுக்குள்ளயும் எண்ணெய் ஆவி போகும். இந்தப் பக்கம் தேய்ச்சாலும் அந்தப் பக்கம் தேய்ச்சாலும் போகாதுன்னா அது நடுவுல இருக்கற கறை. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். கறைக்கு நேரா உள்பக்கம் ஸ்கெட்ச் பேனாவுல ஒரு புள்ளி வைங்க. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்க. புள்ளியும் கறையும் ஒண்ணாவே இருந்தா கறை அந்த முகத்துல இருக்கு. ரெண்டும் விலகி விலகிப் போனா உள்ள மாட்டியிருக்கு.

மதுரை_மைதாமாவு எழுதியது:

அண்ணே, நகம் எங்கயும் தட்டல. அதுக்கே உங்களுக்கு ஒரு கேக் அனுப்பலாம்.

புள்ளி வச்சுப் பார்த்தேன். பக்கத்துல உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டு இருந்த அத்தை, நான் கண்ணாடி முன்னாடி தலையை ஆட்டறதைப் பார்த்து "என்னடி, சாமி வந்துருச்சா?"ன்னுட்டாங்க. ஆனா விஷயம் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு கண்ணாடிதான். கருப்பு ஓரமும் கெட்டிச் சொட்டும் உள்முகத்துல. நடுவுல மேலேர்ந்து கீழ வழிஞ்சிருக்கு பாருங்க, இலங்கை வரைபடம் மாதிரி ஒரு கறை, அது புள்ளியை விட்டு ஓடுது. ரெண்டுக்கும் இடையில! ரெண்டாம் நாள் நான் எலுமிச்சம்பழத்தை அரைச்சது அதுமேலதான். அதுக்குக் கூசக்கூட இல்ல.

ஓய்வுபெற்ற_வாத்தியார் எழுதியது:

முப்பது வருடம் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள், அம்மா.

உங்கள் கதவில் இருப்பதை எண்ணெய் என்று நினைப்பதால்தான் சோப்புப் போடுகிறீர்கள். அது எண்ணெயாக இருந்து எத்தனையோ நாளாயிற்று. புது தோசைக்கல்லை எப்படிப் பழக்குகிறோம்? எண்ணெய் தடவி, காய வைத்து, மறுபடி தடவி, மறுபடி காய வைத்து. பத்து நாளில் கல் கறுத்து வழவழப்பாகி, தோசை ஒட்டாமல் வருகிறது. அந்தக் கருப்புத் தோலும் உங்கள் கண்ணாடியில் இருப்பதும் ஒன்றுதான். எண்ணெயின் மூலக்கூறுகள் சூட்டிலும் ஆக்சிஜனிலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலையாகிவிடுகின்றன. பல்லுறுப்பாக்கல் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் பின்பெஞ்சு தூங்கிவிடும். தோசைக்கல் என்றால் விழித்துக்கொள்ளும். கல்லில் இருந்தால் கொண்டாடுகிறோம், கண்ணாடியில் இருந்தால் திட்டுகிறோம்.

எல்லா எண்ணெயும் ஒரே மாதிரி இறுகுவதில்லை. அயோடின் எண் என்று ஒரு கணக்கு உண்டு. அது கூடக்கூட எண்ணெய் காற்றில் பின்னிக்கொள்ளும் ஆசையும் கூடும். தேங்காய் எண்ணெய்க்குப் பத்தை ஒட்டி, நல்லெண்ணெய்க்கு நூற்றுக்கு மேல், சூரியகாந்திக்கு 118-க்கும் மேல். கேக் தட்டுக்கும் கோழிக்கும் நீங்கள் தடவுவது சூரியகாந்தி என்றால், கண்ணாடிக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

மூன்றாம் நாள் செய்தது வீண். ஆப்ப சோடா காரம், வினிகர் அமிலம். சேர்த்து ஊற்றினால் ஒன்றை ஒன்று தீர்த்துக்கட்டிவிடும். மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கலந்த தண்ணீர். நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு. கோலி சோடா உடைத்தால் வருவதும் அதுதான். தனித்தனியே போட்டால் இரண்டுக்கும் வேலை உண்டு. முதலில் சோடாக் குழம்பு. எல்லாம் துடைத்த பிறகு, மிஞ்சும் வெள்ளைப் படலத்துக்கு வினிகர்.

ஆப்ப சோடாவின் பிஹெச் (இந்த எண் கூடக்கூடக் காரம் கடுமை) ஏறக்குறைய 8.3, மென்மையான காரம். சலவைச் சோடா 11-ஐத் தொடும். பாலு சொல்லும் எரிசோடா 13, 14. அது கறையைக் கரைக்கும், மறுப்பதற்கில்லை. கூடவே கைத்தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும். அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனை வெளியே விடும். பல ஓடிஜிகளில் கதவுச் சட்டமும் தட்டும் அலுமினியம். அடைப்புப் பவுடரை உணவு வேகும் இடத்தில் ஊற்றவே கூடாது. இன்னும் ஒரு எச்சரிக்கை: ஆத்திரத்தில் குளியலறை பிளீச்சை எடுத்து வினிகரோடு கலந்துவிடாதீர்கள். வருவது குளோரின் வாயு.

உங்களுக்கு வேண்டியது மூன்று: காரம், ஈரம், நேரம். குழம்பு காய்ந்துபோனால் வேலை நின்றுவிடும், அதனால் மூடி வையுங்கள். ராத்திரி முழுக்க விடுங்கள். உங்கள் தோள்பட்டையை விட சோடாவுக்குப் பொறுமை அதிகம்.

பல்லாவரம்_பாலு எழுதியது:

சார், இப்பத்தான் போய்ப் பார்த்தேன். எங்க ஃபேன் ரெக்கையும் அலுமினியம்தான். பளபளன்னு ஆச்சு, ரெண்டே நாள்ல திட்டுத் திட்டா கறுத்துப் போச்சு. அதைச் சொல்ல விட்டுட்டேன்.

ஸ்காபரோ_அக்கா எழுதியது:

தங்கச்சி, நான் கனடாவில இருக்கிறன். இஞ்ச எல்லா வீட்டிலயும் அடுப்புக்குக் கீழ பெரிய அவண், கதவுக்கு ரெண்டு மூண்டு கண்ணாடி. உங்கட பிரச்சினை எங்களுக்கு வருசா வருசம் வாறது. என்ர மனுசன் கதவைக் கழட்டப் போய், கீலில இருக்கிற பூட்டை மடக்காமல் இழுத்து, ஸ்பிரிங் வெட்டிக் கை கிழிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனவர். அதுக்குப் பிறகு நான் கதவைக் கழட்ட விடுறதில்லை.

எங்கட கதவின்ர கீழ் விளிம்பில நீளமா வெட்டுகள் இருக்கு, காத்துப் போறதுக்கு. அவணுக்குக் கீழ இருக்கிற சட்டி வைக்கிற லாச்சியை வெளிய இழுத்துப் போட்டுக் குனிஞ்சு பாத்தால் தெரியும். உடுப்பு கொழுவுற கம்பியை நேராக்கி, நுனியில ஈரத்துணியைச் சுத்தி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கி, அந்த வெட்டுக்குள்ளால விட்டுத் துடைச்சுப் போடுவன். துணி கழண்டு உள்ள விழுந்தால் கதை கந்தல். எனக்கு ஒருக்கா விழுந்தது. அது ரெண்டு வருசம் உள்ளயே இருந்தது, வாற போற சனமெல்லாம் அது என்னெண்டு கேக்கும். உங்கட கதவிலயும் அப்பிடி வெட்டு இருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ.

இன்னொண்டு, உங்கட மாமி சொல்லுறதைச் சிரிச்சுப் போட்டு விடாதேங்கோ. குளிருக்கு விறகு எரிக்கிற அடுப்பு வச்சிருக்கிற ஆக்கள் இஞ்ச கனபேர். அதின்ர கண்ணாடிக் கதவை அதே அடுப்புச் சாம்பலாலதான் துடைக்கிறவை. பேப்பரை நனைச்சு, சாம்பலில தொட்டு, வட்டம் வட்டமா. நான் என்ர கண்ணால பாத்தனான்.

எங்கட அவணுக்குத் தானே துப்பரவாக்குற பொத்தானும் இருக்கு. கதவைப் பூட்டிப் போட்டு 480 பாகைக்குக் கிட்டச் சூடாக்கி எல்லாத்தையும் சாம்பலாக்கும். ஒருக்கா அமத்தினன். புகை எச்சரிக்கை மணி மூண்டு தரம் அடிச்சது, பக்கத்து வீட்டுக் கிழவி செருப்பில்லாமல் ஓடி வந்தவ. பிறகு தொடேல்லை.

கோவை_ஸ்பேனர் எழுதியது:

அக்கா சொல்ற கம்பி வித்தை அந்தப் பெரிய ஓவனுக்குத்தானுங்க. ஓடிஜியில பெரும்பாலும் அந்த வெட்டு இருக்காது. கதவைத் திறந்து உள்பக்கச் சட்டத்தைப் பாருங்க. சுத்தி ஸ்குரூ தெரிஞ்சா உள்கண்ணாடி மட்டும் கழண்டு வரும், கீலைத் தொட வேண்டியதில்ல. ஸ்குரூ தெரியலீன்னா நீங்க எதையும் நெம்பாதீங்க, ஆளைக் கூப்பிடுங்க. வாரண்டி இருக்கறவங்களும் கை வைக்க வேண்டாம்.

பிளக்கைப் புடுங்கிட்டு ஆரம்பிங்க, சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது. சூடு சுத்தமா ஆறியிருக்கணும். ஸ்குரூவைக் கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கங்க, எந்த முகம் உள்ள எந்த முகம் வெளியன்னு கண்ணாடி மூலையில டேப் ஒட்டி எழுதிக்கங்க. சில கண்ணாடிக்கு ஒரு முகத்துல மட்டும் சூடு தடுக்கற பூச்சு இருக்கும், திருப்பி மாட்டினா வெளிக்கதவு சுடும். கழட்டின கண்ணாடியைத் துணி மேல படுக்க வைங்க. டெம்பர் கண்ணாடிக்கு ஓரம்தான் உயிர்நிலை. முகத்துல குத்தினா தாங்கும், மூலை கல்லுல தட்டினா போச்சு. ஓரத்துல வெள்ளைக் கயிறு மாதிரி இருந்தா அதை நனைக்காதீங்க. திரும்ப மாட்டும்போது எதிரெதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா முடுக்குங்க. பலம் காட்டாதீங்க, சூட்டுல கண்ணாடி விரிய இடம் வேணும்.

அப்புறம், கதவைத் திறந்து வச்சு அதுமேல கையை ஊன்றித் தேய்ச்சா ஓடிஜியே முன்னாடி கவுந்துரும். கதவுக்கு அடியில புஸ்தகமோ பலகையோ முட்டுக் குடுங்க.

மதுரை_மைதாமாவு எழுதியது:

மன்னிக்கணும், ஒம்பது நாள் ஆச்சு. நடுவுல ரெண்டு கல்யாண ஆர்டர். இப்போ விவரமா எழுதறேன்.

வியாழக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சேன். முதல்ல ஒரு தட்டுல தண்ணி வச்சு 120-ல இருபது நிமிஷம் ஆவி கட்டவிட்டேன். பிளக்கைப் புடுங்கி, கை பொறுக்கற சூட்டுக்கு வந்ததும் துடைச்சேன். புதுப் பிசுக்கு அதுலயே வந்துருச்சு. பழையது அசையல. நல்லா ஆறினப்புறம் கதவைக் கிடையா திறந்து, அடியில பையனோட பிளஸ் டூ கைடு நாலை முட்டுக் குடுத்தேன். அதுங்களுக்கு இப்பத்தான் ஒரு உபயோகம்.

ஆறு டேபிள்ஸ்பூன் ஆப்ப சோடா, ரெண்டு டேபிள்ஸ்பூன் தண்ணி, ரெண்டு சொட்டு லிக்விட். விபூதி குழைக்கிற பதம். வாத்தியார் ஐயா சொன்னதை நான் சத்தமா வாசிச்சப்போ அத்தை, "காரம்னா மிளகாப்பொடியாடி?"ன்னு கேட்டாங்க. கண்ணாடி முழுக்க ஒரு காசு கனத்துக்குப் பூசினேன், ஓரத்துல கொஞ்சம் தடிமனா. காயாம மூடறதுக்கு அத்தைதான் வழி கண்டுபிடிச்சாங்க. பால் கவரை வெட்டி விரிச்சு, கழுவி, மேல ஒட்டிட்டாங்க. நாலு கவர், கதவு அளவுக்குச் சரியா இருந்துச்சு. ஹீட்டர் கம்பி மேல எதுவும் சிந்தாம பழைய துண்டு ஒண்ணை உள்ள விரிச்சுட்டேன்.

காலையில ஆறரைக்குக் கவரை எடுத்தேன். வெள்ளையா வச்ச குழம்பு கருப்பட்டிக் காப்பி நிறத்துல இருக்கு! காலாவதியான ஏடிஎம் கார்டைச் சாய்ச்சுப் பிடிச்சுத் தள்ளினேன், ஓரத்துக் கருப்பு சுருள் சுருளா வந்துச்சு. வேர்க்கடலைத் தோல் மாதிரி. நாலு நாள் நான் உயிரைக் குடுத்துத் தேய்ச்சது, தூங்கி எழுந்ததுக்குள்ள தானா இளகிக் கிடக்கு. கெட்டிச் சொட்டு மட்டும் விடல. அதுக்கு மறுநாள் ராத்திரி ஒரு தடவை, ஞாயிறு ஒரு தடவை. மொத்தம் மூணு பூச்சு. அந்த ஞாயிறு கோழி கிடையாதுன்னதும் ரெண்டு பேரும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க.

மூணு தடவைக்கு அப்புறமும் லேசா ஒரு பழுப்புப் படலம் நின்னுச்சு. அத்தை ஒண்ணும் பேசல. தெருமுனை இஸ்திரி வண்டி அண்ணன்கிட்ட போய் ஒரு டப்பா கரிச்சாம்பல் வாங்கிட்டு வந்துட்டாங்க. மண்ணு கல்லு இருந்தா கீறிடும்னு நான் பயந்தேன். மாமாவோட பழைய வேட்டித் துணியில ரெண்டு தடவை சலிச்சுக் குடுத்தாங்க. முகத்துக்குப் போடற பவுடர் மாதிரி நைஸா இருந்துச்சு. நனைச்ச நியூஸ்பேப்பர்ல தொட்டு வட்டமா துடைச்சேன், அழுத்தவே இல்ல. அந்தப் படலமும் போச்சு. அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அத்தை சாதாரணமாத்தான் இருந்தாங்க. ராத்திரி எங்க நாத்தனார்கிட்ட போன்ல அரைமணி நேரம் இதையே சொன்னாங்க.

இடையில இருந்த கறைக்கு வீட்டுக்காரர் உக்காந்தார். எட்டு ஸ்குரூ. ஏழு வந்துச்சு, ஒண்ணு தலை மழுங்கிப் போய் சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஸ்குரூடிரைவர் நுனியில தட்டையான ரப்பர் பேண்டை வச்சு அழுத்தித் திருப்பினதும் பிடிச்சுது. (அவர் ஆபீஸ்ல யாரோ சொன்ன யோசனையாம். மூணு நாளா அதையே சொல்லிட்டு இருக்கார்.) உள்ள இலங்கையோட கூட ஒரு முந்திரித் தோலும், செத்துக் காஞ்ச ஒரு கரப்பான் குஞ்சும். இது எங்க வகுப்புக்கு வர்ற அம்மாக்கள் கண்ணுல படாம இருக்கணும். உள்ள இருந்தது கோழிக் கொழுப்பு மாதிரி கெட்டியா இல்ல, ஆவி படிஞ்ச பிசுக்குதான். சோடாக் குழம்பு அரைமணி நேரத்துலயே வேலையை முடிச்சுது. கழுவறதுக்குப் போர் தண்ணி ஊத்தினேன், காய்ஞ்சதும் புள்ளி புள்ளியா உப்பு. எங்க ஏரியா தண்ணி அப்படி. திரும்ப வினிகர் தொட்டுத் துடைச்சு, கடைசி அலசல் மட்டும் கேன் தண்ணியில.

எல்லாம் மாட்டி, சோடா தூள் போக ஈரத்துணியால மூணு தடவை துடைச்சு, மறுநாள் வெறும் ஓடிஜியை 150-ல பதினஞ்சு நிமிஷம் ஓடவிட்டேன். முன்னாடி போய் நின்னா எனக்கே அடையாளம் தெரியல. இதைச் சொல்ல வெக்கமா இருக்கு, ஆனாலும் சொல்றேன். இந்தக் கண்ணாடியே கூலிங் கிளாஸ் மாதிரி லேசா நிறம் போட்டு வர்றதுன்னு ரெண்டு மூணு வருஷமா நினைச்சுட்டு இருந்தேன். வெறும் கண்ணாடி! ஜன்னல் கண்ணாடி மாதிரி. பின்சுவத்துல இருக்கற திருகு வரைக்கும் தெரியுது. எங்க வீட்டுக்காரர், "வாங்கினப்பவே இப்படித்தானே இருந்துச்சு"ங்கறார். அஞ்சு வருஷமா வாயைத் திறக்காம இருந்திருக்கார்.

கம்பி நார் கோடு அப்படியேதான் இருக்கு. அது போகாதுன்னு புரிஞ்சுபோச்சு. கீழ்மூலையில இருக்கறதால பரவாயில்ல.

ஆனா புதுசா ஒரு வம்பு வந்திருக்கு. செவ்வாய்க்கிழமை முதல் கேக், சாதா வெண்ணிலா, 170-ல 40 நிமிஷம். எப்பவும் போடறதுதான். 40 நிமிஷத்துல எட்டிப் பார்க்கிறேன், கேக் வெளுத்துப் போய் பச்சையா இருக்கு. கதவைத் திறக்கக் கூடாதேன்னு இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னு 55-க்கு எடுத்தேன். நான் இத்தனை நாள் பார்த்த செவப்பு வந்தப்புறம்தான் எடுத்தேன். கையில எடுத்தா செங்கல். இவ்வளவு நாளா நான் "பொன்னிறம்"னு பார்த்தது பாதி கேக்கு, பாதி கோழி. துண்டு போட்டுத் திரும்பக் காய வச்சு ரஸ்க் ஆக்கிட்டேன். பையன் டீயில தொட்டுச் சாப்பிட்டுட்டு, இதையே ஆர்டருக்குப் போடும்மாங்கறான். இப்போ பக்கத்துல கடிகாரமும் குச்சியும் வச்சுக்கிட்டுக் கண்ணை முதல்லேர்ந்து பழக்கிட்டு இருக்கேன்.

ஸ்பேனர் அண்ணே, ஒரு சந்தேகம். கண்ணாடி வெளிச்சமானதும் பல்பு மூடி எவ்வளவு அழுக்குன்னு தெரியுது. அதையும் கழட்டலாமா?

கோவை_ஸ்பேனர் எழுதியது:

தாராளமா கழட்டலாமுங்க. பிளக் புடுங்கி, ஆறவிட்டு, மூடியைத் துணி வச்சுப் பிடிச்சு இடப்பக்கம் திருப்புங்க. வரலீன்னா அழுத்தாதீங்க, மூடிக்கும் அதே சோடாவைப் பூசி ஒரு மணி நேரம் விடுங்க, இளகிடும். பல்பை நனைக்காதீங்க. அது பியூஸ் ஆயிருந்தா பூஜை ரூம்ல போடற சின்ன பல்பு சேரும்னு அதைப் போட்டுராதீங்க, ஓவனுக்குன்னு 300 டிகிரி தாங்கற பல்பு தனியா கேட்டு வாங்குங்க.

ரஸ்க் எத்தனை ரூபாய்க்குப் போடறீங்க?